உங்களுக்குத் தெரியுமா? கடல் கடத்தப்பட்ட மார்ட்டின் கேஷ்

● 1827 மார்ச்சில், அயர்லாந்தின் எனிஸ் நகர நீதிமன்றம் மார்ட்டின் கேஷ் என்ற இளைஞனுக்கு ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை விதித்தது. பதிவேட்டில் எழுதியிருக்கும் குற்றம், வீடு உடைத்துத் திருடியது. கேஷ் பிற்காலத்தில் சொன்ன கதையோ வேறு. காதலியை இன்னொருவன் அணைத்திருப்பதைப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே நின்றபடி அவனைச் சுட்டாராம். எனக்கென்னவோ பதிவேட்டைத்தான் நம்பத் தோன்றுகிறது. திருடன் என்பதைவிடக் காதலுக்காகச் சுட்டவன் என்று சொல்லிக்கொள்ளத்தானே யாரும் விரும்புவார்கள்?

● அன்றைய சட்டத்தில் ராத்திரி நேரத்தில் வீடு புகுந்து திருடினால் தூக்குத் தண்டனைகூட உண்டு. அதனால் ஏழாண்டு என்பது அந்தக் காலக் கணக்கில் சிறிய தண்டனை. ஆனால் தண்டனை முடிந்தபின் ஊர் திரும்பக் கப்பல் கட்டணத்தை அரசு தராது. ஏழாண்டு என்று தீர்ப்பெழுதி ஆயுள் முழுவதையும் பறித்த ஏற்பாடு அது. கேஷும் அயர்லாந்தில் குடியேறத் திரும்பவே இல்லை.

● 1788 முதல் 1868 வரை பிரிட்டிஷ் அரசு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய கைதிகள் சுமார் 1,62,000 பேர். அயர்லாந்திலிருந்து நேரடியாகப் போனவர்கள் மட்டும் 40,000 பேர் அளவில் இருப்பார்கள். அப்படிப் போன முதல் கப்பலின் பெயர் ‘குயின்’. 1791-இல் அது சிட்னி சேர்ந்தது. கேஷை ஏற்றிச் சென்ற ‘மார்க்விஸ் ஆஃப் ஹன்ட்லி’ 1828 பிப்ரவரியில் அங்கே நங்கூரமிட்டது.

● வந்திறங்கிய கைதிகள் எல்லோரையும் சிறைக்குள் அடைத்துவிடவில்லை. பலரைப் பண்ணைக்காரர்களிடம் கூலியில்லாத வேலையாட்களாக ஒப்படைத்தார்கள். கேஷ் ஹன்டர் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணையில் மாடு மேய்த்தார். தண்டனைக் காலம் கழிந்த பிறகு திருட்டு மாடுகளுக்குச் சூடு வைத்த விவகாரத்தில் மாட்டிக்கொள்ள இருந்தார். 1837-இல் எலைசா என்ற துணைவியோடு டாஸ்மேனியாவுக்குப் போய்விட்டார். அந்தத் தீவுக்கு அப்போது வான் டீமன்ஸ் லேண்ட் என்று பெயர். அங்கே 1839-இல் மறுபடியும் ஒரு திருட்டு வழக்கு, மறுபடியும் ஏழாண்டு. தப்புவார், பிடிபடுவார், மறுபடி தப்புவார். கடைசியில் போர்ட் ஆர்தருக்கு அனுப்பினார்கள்.

● போர்ட் ஆர்தர் சிறைக்கு நாலாபுறமும் மதில் தேவைப்படவில்லை. அது ஒரு தீபகற்பம். ஈகிள்ஹாக் நெக் என்ற ஒடுங்கிய மணல்திட்டு வழியாக மட்டுமே வெளியே நடந்து போக முடியும். குறுகலான இடத்தில் அதன் அகலம் நூறு மீட்டர்கூட இல்லை. அதன் குறுக்கே வரிசையாக நாய்களைச் சங்கிலியில் கட்டி, விளக்குகளை நட்டு, சிப்பாய்களை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பக்கத்துக் கடலிலும் சுறா நிறைந்திருக்கிறது என்று கைதிகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

● வில்லியம் ஹன்ட் என்ற கைதி கங்காருத் தோலைப் போர்த்திக்கொண்டு அந்த மணல்திட்டைக் கடக்கப் பார்த்தார். காவலர்களுக்குக் கங்காரு என்றால் கறி. அவர்கள் துப்பாக்கியைத் தூக்கியதும் தோலை வீசிவிட்டு, ‘சுடாதீர்கள், நான்தான்’ என்று கத்திச் சரணடைந்தாராம்.

● கேஷ் நிலத்தை விட்டுவிட்டுக் கடலைத் தேர்ந்தெடுத்தார். 1842 டிசம்பர் கடைசியில் லாரன்ஸ் காவனா, ஜார்ஜ் ஜோன்ஸ் என்ற இருவரோடு வேலையிடத்திலிருந்து நழுவினார். முன்பொரு முறை அதே நீரை நீந்திக் கடந்தவர் என்பதால் வழி அவருக்குப் பழக்கம். மூவரும் உடைகளைக் கழற்றி மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நீந்தினார்கள். நடுவழியில் அலை மூன்று மூட்டைகளையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. கரையேறும்போது உடம்பில் நூல்கூட இல்லை, காலில் செருப்பில்லை, எதிரே முட்புதர்க் காடு. கைதிகள் சாலை போடும் இடத்திலிருந்த ஒரு குடிசையில் புகுந்து துணி எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் அவர்களால் மேற்கொண்டு நடக்க முடிந்தது.

● அடுத்த சில மாதங்கள் தீவு முழுக்க அவர்கள் பேச்சுதான். சத்திரங்களையும் வசதியானவர்களின் பண்ணை வீடுகளையும் கொள்ளையடித்தார்கள். வீட்டாரிடம் மரியாதையாக நடந்துகொண்டதால் ‘கண்ணியமான கொள்ளையர்’ என்று பெயரானது. போலீஸ் எலைசாவைப் பிடித்து வைத்தபோது ஆளுநருக்கே கடிதம் எழுதினார்கள். அவளை விடாவிட்டால் மாளிகைக்கு வந்து உங்களுக்குச் சவுக்கடி கொடுப்போம் என்று அதில் மிரட்டல். அந்த ஆளுநர் ஜான் ஃபிராங்க்ளின். பிற்பாடு ஆர்க்டிக் கடல்வழி தேடிப்போய், 1847-இல் பனிக்கிடையே இறந்தாரே, அவரேதான்.

● கேஷ் சிக்கியதும் எலைசாவால்தான். விடுதலையான அவள் தீவின் தலைநகரான ஹோபார்ட்டில் வேறொருவனோடு வாழ்கிறாள் என்று கேள்விப்பட்டு, 1843 ஆகஸ்டில் ஊருக்குள் நுழைந்தார். யாரோ அடையாளம் கண்டுகொள்ள, தெருத்தெருவாகத் துரத்தல். ஓடும்போது சுட்டதில் பீட்டர் வின்ஸ்டன்லி என்ற கான்ஸ்டபிள் உயிரிழந்தார். கேஷைப் பற்றிய வீரக் கதைகளில் இவர் பெயர் ஒரு வரியோடு போய்விடுகிறது. கண்ணியமான கொள்ளையர் என்ற பட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் இவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

● அந்தக் கொலைக்காகக் கேஷைத் தூக்கிலிட நாள் குறித்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் தண்டனையை மாற்றி நார்ஃபோக் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். கூட்டாளிகள் இருவரும் கடைசியில் தூக்குக்கயிற்றிலிருந்து தப்பவில்லை. ஜோன்ஸை 1844-இல் தூக்கிலிட்டார்கள். காவனாவின் முடிவுக்குக் காரணம் சமையல் பாத்திரங்கள். அவரையும் அனுப்பியிருந்த நார்ஃபோக் தீவில் கைதிகள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே காய்ச்சிக்கொள்ள வைத்திருந்த தகரப் பாத்திரங்களை 1846 ஜூலையில் அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். இருந்த ஒரே சுதந்திரமும் போனதில் கைதிகள் கொதித்தெழுந்தார்கள். நாலு பேர் கொலையானார்கள். அக்டோபரில் பன்னிரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் காவனாவும் ஒருவர். கேஷ் அதே தீவில் இருந்தும் அந்தக் கலவரத்தில் சேரவில்லை.

● நார்ஃபோக்கில் கேஷ் கற்றுக்கொண்டது தொப்பி முடைவது. 1854-இல் அயர்லாந்துக் கைதியான மேரி பென்னட்டை மணந்துகொண்டார். ஹோபார்ட் அரசுத் தோட்டத்தில் மேற்பார்வையாளர் வேலை, சில ஆண்டுகள் நியூசிலாந்து, பிறகு கிளெனார்க்கியில் சொந்தப் பண்ணை. ஜேம்ஸ் லெஸ்டர் பர்க் என்ற இன்னொரு பழைய கைதி, கேஷ் சொல்லச் சொல்ல அவர் வாழ்க்கையை எழுதினார். 1870-இல் அது புத்தகமாக வந்தது. 1877-இல் கேஷ் தன் வீட்டுக் கட்டிலில் இறந்தார். காட்டுக் கொள்ளையர்களில் அப்படிச் செத்தவர்கள் அபூர்வம்.

● ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறி 200 ஆண்டு நிறைந்த 1988-இல், கைதிகளைக் கடத்திய ஆவணங்களின் பிரதியை அயர்லாந்து அரசு அந்த நாட்டுக்குப் பரிசாகக் கொடுத்தது. பெயர், விசாரித்த ஊர், குற்றம், தண்டனை, கப்பல் என்று வரிவரியாகப் போகும் அந்தக் காகிதங்களுக்கு நடுவே மனுக்களும் இருக்கின்றன. சில, தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கைதிகள் கொடுத்தவை. சில, கணவன் போன இடத்துக்கே தங்களையும் பிள்ளைகளையும் இலவசமாகக் கப்பலேற்றி அனுப்பும்படி மனைவிகள் கேட்டவை.