சட்டத்தில் இடைவெளி: நிரப்புவது யார்?

சட்டம் எழுதுபவர்கள் சில இடங்களில் திகதி, எண்ணிக்கை எல்லாம் போட்டுத் திட்டவட்டமாக எழுதுகிறார்கள். சில இடங்களில் எப்படியும் பொருள் கொள்ளத்தக்க சொற்களைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இது கவனக்குறைவால் நடப்பது மிகக் குறைவு.

எங்கள் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களமே ஒரே அரசகரும மொழி என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. உடனடியாக மாற்ற முடியாத அலுவல்களுக்கும் 1960 டிசம்பர் 31 என்று கடைசித் திகதி குறித்தது.

1958 கலவரத்தின் பின், அதே பண்டாரநாயக்கா அரசு தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தை நிறைவேற்றியது. வடக்கு கிழக்கில் 'விதிக்கப்படும்' நிர்வாக அலுவல்களுக்குத் தமிழைப் பயன்படுத்தலாம் என்றது அது. எந்த அலுவல்கள்? ஒழுங்குவிதிகளில் வரும். எப்போது வரும்? அதற்குத் திகதி இல்லை. 1966 ஜனவரியில், டட்லி சேனநாயக்கா ஆட்சியில்தான் அவை வந்தன. ஏழு ஆண்டுகளுக்கு மேல் சட்டம் கடதாசியில் கிடந்தது. தமிழரிடம் 'தந்துவிட்டோம்' என்றும், சிங்களவரிடம் 'ஒன்றும் தரவில்லை' என்றும் சொல்ல இத்தகைய எழுத்து வசதியானது.

அதற்காகப் பொதுவான சொற்கள் எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. நோர்வேயின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்சூழல் சட்டம் சாதாரண வேலை நேரத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. அதே சட்டம் வேலைச்சூழல் 'முழுமையாகப் பொறுப்பானதாக' இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. இங்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டும் மேசைக்கும் ஒஸ்லோ அலுவலகத்துக்கும் எண்ணெய் மேடைக்கும் ஒரே பட்டியல் போட முடியாதல்லவா? நாளை வரப்போகும் இயந்திரத்துக்கும் அந்தச் சொல் பொருந்தும். அதை நிரப்ப ஒழுங்குவிதிகளும் தொழிற் கண்காணிப்புத் திணைக்களமும் நீதிமன்றமும் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 'வேர்ணஒம்பூட்' எனும் தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதியே வேலையை நிறுத்தலாம். 1958 சட்டத்திலோ நிரப்பும் பொறுப்பு ஆட்சியாளரிடமே இருந்தது. அவர்களை அவசரப்படுத்த ஒருவரும் இல்லை.

எங்களில் பலருக்கு வாழ்வா சாவா என்றாகும் சொல்லும் ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் 38ஆம் பிரிவு, 'வலுவான மனிதாபிமானக் காரணங்கள்' இருந்தால் வதிவிட அனுமதி வழங்க'லாம்' என்கிறது. நோயாளியின் நிலையையோ பிள்ளையின் நிலையையோ முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது என்பதால் அந்தச் சொல் எங்களுக்கு ஒரு வாசல். ஆனால் 'லாம்' என்பதால் திறப்பு அதிகாரியின் கையில் இருக்கிறது.

எனவே வாசகர்களே, கடிதம் வந்தால் எந்தப் பிரிவு என்று பாருங்கள். அதில் 'லாம்' இருக்கிறதா, 'வேண்டும்' இருக்கிறதா என்று கவனியுங்கள். 'லாம்' என்றிருந்தால் உங்கள் நிலைமையைச் சான்றுகளோடு விரிவாக எழுதுங்கள். மேன்முறையீட்டுக்குத் தரப்பட்ட திகதியைத் தவறவிடாதீர்கள். அந்தத் திகதி மட்டும் எப்போதும் திட்டவட்டமாகவே எழுதப்பட்டிருக்கும்.