வழுக்கையும் மயிர் நடுகையும்

உரோமாபுரியின் பெருந்தளபதி யூலியஸ் சீசர் போர்க்களத்தில் அஞ்சாதவன் என்று பெயர் பெற்றவன். ஆயினும் தன் தலையில் மயிர் குறைந்து வருவது அவனுக்குப் பெருங் கவலையாக இருந்ததென்றும், உச்சியில் எஞ்சியிருந்த மயிரை முன்னோக்கி வாரி விடுவது அவன் வழக்கமென்றும், எந்நேரமும் வாகைமாலை அணிந்துகொள்ள மூதவை அவனுக்கு அளித்த உரிமையை அவன் மிக விருப்புடன் ஏற்றுக்கொண்டானென்றும் வரலாற்றாசிரியர் சுவெத்தோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். சீசருக்கு ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்னரே எகிப்திய வைத்தியர்கள் சிங்கம், முதலை, நீர்யானை, பூனை, பாம்பு முதலியவற்றின் கொழுப்பைக் கலந்து வழுக்கைக்குப் பூசச் சொல்லியிருக்கின்றனர். அக்கொழுப்பைச் சேகரிக்கப் புறப்பட்டவர்களின் பாடு எவ்வாறிருந்ததோ!

வழுக்கை உடலை வாட்டும் நோயன்று. அதனால் வலியில்லை, உயிருக்கு இடருமில்லை. ஐரோப்பிய இனத்து ஆடவரில் ஏறத்தாழப் பாதிப்பேரை ஐம்பது வயதளவில் அது பற்றிக்கொள்கின்றது. ஆசிய நாட்டவரிடையே சற்றுக் குறைவு. ஆதலின் அதனை நகைப்புக்குரிய சிறு குறையென்று ஒதுக்கிவிடுவாருமுளர். ஆனால் இருபத்திரண்டு வயதிலே நெற்றி இருபுறமும் மேலேறத் தொடங்கிய இளைஞனுக்கு அது நகைப்பாகத் தோன்றுவதில்லை. அவன் நிழற்படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போகிறான்; கலியாணப் பேச்சு எழுந்தால் வேறு கதை எடுக்கிறான். அவனுடைய துயரம் மெய்யானது. அந்தத் துயரத்தை முதலாக வைத்து நடைபெறும் வாணிகமும் மெய்யானது. மயிரை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் நடும் சத்திரசிகிச்சை இன்று பல நாடுகளில் நாள்தோறும் நடைபெறுகின்றது. அது செய்யக்கூடியது யாது, செய்யமுடியாதது யாது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், பின்னர் வருந்துவோர் தொகை பெரிதும் குறையும்.

மனிதனுடைய தலையிலே ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள. ஒவ்வொன்றும் தோலினுள்ளே மயிர்ப்புடைப்பு எனப்படும் ஒரு சிறு பையிலிருந்து முளைக்கின்றது. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை, மாதம் ஒரு சதமமீற்றர் வீதம் அது வளரும். பின்னர் இரண்டு மூன்று கிழமைகளில் ஒடுங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருந்து, உதிர்ந்துவிடும். அதே புடைப்பிலிருந்து வேறொரு மயிர் முளைக்கும். ஆகவே நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வது இயல்பே. சீப்பிற் சிக்கியவற்றை எண்ணிப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. ஆண்களின் வழுக்கையில் நிகழ்வது வெறும் உதிர்வு அன்று. புதிதாக முளைக்கும் ஒவ்வொரு மயிரும் முன்னையதிலும் மெலிந்து, குறுகி, இறுதியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமயிராகிவிடுகின்றது. மயிர்ப்புடைப்பு சுருங்குவதே அதற்குக் காரணம்.

அது ஏன் சுருங்குகின்றது? விதை அகற்றப்பட்ட ஆடவருக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைக் கிரேக்க வைத்தியரான இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலே குறிப்பிடுகின்றது. அந்தப் பழைய அவதானிப்பை அறிவியல் முறைப்படி ஆராய்ந்தவர் அமெரிக்க உடலமைப்பியலாளர் ஜேம்ஸ் ஹமில்ற்றன். பூப்புப் பருவத்துக்கு முன் விதையை இழந்தவர்களின் மயிர் முதுமையிலும் நிலைத்திருப்பதையும், அவர்களுக்கு ஆண் ஓமோனாகிய தெஸ்தொஸ்தெரோனைக் கொடுத்தபோது, வழுக்கைப் பரம்பரையில் வந்தவர்களுக்கு மாத்திரம் வழுக்கை விழுந்ததையும் அவர் 1942 இல் வெளியிட்டார். ஓமோன், பரம்பரை, வயது என்னும் மூன்றும் கூடினாலே வழுக்கை உண்டாகும் என்பது அவர் கண்ட முடிவு. வழுக்கைத் தலையருக்கு ஆண்மை மிகுதி என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. ஓமோனின் அளவு அவர்களிடத்தில் மிகுந்திருப்பதில்லை. அவர்களுடைய உச்சந்தலையின் மயிர்ப்புடைப்புகள் அந்த ஓமோனுக்கு எளிதில் இணங்கிவிடுகின்றன, அவ்வளவுதான்.

பின்னர் 1974 இல் மற்றொரு செய்தி கிடைத்தது. டொமினிக்கன் குடியரசின் சில கிராமங்களில், தெஸ்தொஸ்தெரோனை டைஐதரோதெஸ்தொஸ்தெரோன் என்னும் வலிமை மிக்க வடிவமாக மாற்றும் நொதியம் பிறவியிலேயே குறைந்த ஆடவர் சிலர் இருந்தனர். இவர்களை ஆராய்ந்த ஜூலியான் இம்பரேற்றோ மக்கின்லி குழுவினர் எவருக்கும் வழுக்கை விழவில்லை என்பதைக் கண்டனர். மயிர்ப்புடைப்பைச் சுருக்குவது அந்த இரண்டாவது வடிவமே என்பது இதனால் தெளிவாயிற்று. எனவே தொப்பியும் சவர்க்காரமும், ஊர் மாறியதால் மாறிய கிணற்றுநீரும் இவ்வழுக்கைக்குப் பொறுப்பல்ல. தாயின் தகப்பனாரின் தலையைப் பார்த்தால் பேரனின் தலைவிதி தெரிந்துவிடும் என்பதும் பாதி உண்மையே. தாய்வழி வரும் ஒரு பரம்பரையலகுக்கு இதில் முக்கிய பங்கு உண்டு; எனினும் தந்தைவழியாலும் பல பரம்பரையலகுகள் வந்து சேர்கின்றன.

மயிர் கொட்டுவதெல்லாம் இவ்வகை வழுக்கையன்று. கடுங் காய்ச்சல், மகப்பேறு, பட்டினி, பெரிய சத்திரசிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களின் பின் தலை முழுவதும் மயிர் கொட்டும். அது பெரும்பாலும் தானாகவே மீளும். 2020 இல் பரவிய கொரோனாத் தொற்றின் பின்னர் பலர் இதனைக் கண்டனர். வட்டமாக மயிர் கழன்று போகும் புழுவெட்டு, தைரொயிட் சுரப்பிக் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றுக்கு வெவ்வேறு பரிகாரங்கள் உண்டு. இவற்றை வேறுபடுத்தி அறியாது மயிர் நடப் புறப்படுவது வீண்.

ஆண்களின் வழுக்கைக்கு ஆய்வினால் மெய்ப்பிக்கப்பட்ட மருந்துகளில் இரண்டு பெரிதும் வழங்குகின்றன. ஒன்று மினொக்சிடில். இது 1979 இல் ஐக்கிய அமெரிக்காவில் குருதியமுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையாக அனுமதி பெற்றது. அதனை உட்கொண்டோரின் முகத்திலும் கைகளிலும் எவரும் எதிர்பாராத மயிர் முளைத்தது! பக்கவிளைவே பயனாகி, 1988 இல் தலையிற் பூசும் திரவமாக அது அனுமதிக்கப்பட்டது. மற்றொன்று பினாஸ்டிரைட் மாத்திரை. மேற்சொன்ன நொதியத்தைத் தடுப்பது. வழுக்கைக்கென 1997 இல் ஒரு மில்லிகிராம் அளவில் அனுமதி பெற்றது. இரண்டும் இருக்கும் மயிரைக் காப்பதிலேயே வல்லவை. பளபளக்கும் வெறுந்தலையில் பயிர் விளைப்பன அல்ல. பயன் தெரியச் சில மாதங்கள் செல்லும். நிறுத்தினாற் பெற்றதும் போய்விடும். பினாஸ்டிரைட் உட்கொள்வோரிற் சிலருக்குப் பாலுணர்வு குன்றுவதுண்டு. அரிதாகத் தற்கொலை எண்ணம் தோன்றலாம் என்பதை ஐரோப்பிய மருந்து முகவரகத்தின் குழு 2025 இல் உறுதிசெய்தது. ஆகவே வைத்தியரைக் கேளாது கடையில் வாங்கி விழுங்கும் மருந்தன்று அது.

இனிச் சத்திரசிகிச்சைக்கு வருவோம். யப்பானிய வைத்தியர் ஷோஜி ஒக்குடா சுட்ட வடுக்களில் மயிருள்ள சிறு தோற்றுண்டுகளை நட்டு முளைக்கச் செய்ததை 1939 இல் எழுதினார். உலகப்போர் மூண்டமையால் மேனாடுகள் அதனை அறியவில்லை. நியூயோர்க் தோல்வைத்தியர் நோர்மன் ஓரென்ட்ரைக் 1952 இல் ஆண் வழுக்கைக்கு முதன்முதலில் இம்முறையைக் கையாண்டார். 1959 இல் அதனை விளக்கி எழுதினார். அவர் கண்டறிந்த உண்மையே இத்துறை முழுவதற்கும் அத்திவாரம். வழுக்கை எவ்வளவு முற்றினாலும் பின்தலையிலும் காதுகளின் மேற்புறத்திலும் ஒரு பட்டிபோல மயிர் நிலைத்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். அவ்விடத்து மயிர்ப்புடைப்புகள் ஓமோனுக்கு அசைந்து கொடாதவை. அவற்றைப் பெயர்த்து வழுக்கையில் நட்டால் அங்கும் அவை தம் பிறந்த இடத்து இயல்போடு வளர்கின்றன. வழுக்கையிலிருந்து எடுத்தவற்றைப் பின்தலையில் நட்டாலோ அங்கும் அவை மெலிந்தே போகின்றன.

ஓரென்ட்ரைக் நட்டது ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் அகலமான வட்டத் தோற்றுண்டுகள். ஒவ்வொன்றிலும் மயிர் கற்றையாக நின்றது. எனவே அக்காலத்து நோயாளரின் நெற்றி, பொம்மையின் தலையில் மயிர் தைத்ததுபோலக் காட்சியளித்தது. இம்முறை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது என்பது வியப்பே. மயிர் தனித்தனியாக முளைப்பதில்லை. ஒன்று முதல் நான்கு வரையான சிறு கூட்டங்களாகவே முளைக்கின்றது. ரெக்சாஸ் மாநிலத்து வைத்தியர் பொபி லிம்மர் 1988 அளவில் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு அக்கூட்டங்களைச் சிதையாமற் பிரித்தெடுக்கத் தொடங்கியபின்பே நடுகை இயற்கைத் தோற்றம் பெற்றது. பழைய பொம்மைக் கற்றைகளைப் பெயர்த்து, பிரித்து, மீள நட்டுத் திருத்தும் வேலையும் வைத்தியர்களுக்கு நெடுங்காலம் இருந்தது.

இன்று பின்தலை மயிரை எடுக்க இரு வழிகள் உள. பின்தலையில் ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் அகலமான தோற்கீற்றை வெட்டியெடுத்து, வெட்டுவாயைத் தைத்து, கீற்றை நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பிரிப்பது ஒன்று. இதில் நீண்ட மெல்லிய வடு எஞ்சும். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவான துளைகருவியால் மயிர்க்கூட்டங்களை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுப்பது மற்றது. 2002 இல் மருத்துவ ஏட்டில் விளக்கப்பட்டபின் இது பெரிதும் பரவிற்று. வடுவே இல்லையென்று இதனை விளம்பரம் செய்வோர் கூறுவது சரியன்று. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வெண்புள்ளிகள் எஞ்சும். நோயாளி விழித்திருக்க, தோலை விறைக்கச் செய்யும் ஊசிமருந்து மாத்திரம் ஏற்றப்படும். எடுத்த மயிரைக் குளிர்ந்த உப்புக்கரைசலில் வைத்து, நுண்ணிய பிளவுகளில் ஒவ்வொன்றாக நடுவர். ஆறு முதல் எட்டு மணி நேரம் செல்லும். நெற்றியோரத்தில் ஒற்றை மயிர்களை ஒழுங்கின்றி நட்டு, பின்னால் இரண்டு மூன்று மயிர்க் கூட்டங்களை வைப்பதிலே வைத்தியரின் கைவண்ணம் தெரியும்.

பின்னர் வருவது பொறுமையைச் சோதிக்கும் காலம். நட்ட மயிர்கள் சில கிழமைகளில் உதிர்ந்துவிடும். பணமும் போயிற்று, மயிரும் போயிற்று என்று பலர் கலங்குவது அப்போதுதான். உண்மையில் மயிர்ப்புடைப்பு உள்ளே உயிரோடு இருக்கின்றது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய மயிர் தலைகாட்டும். முழுப்பயன் தெரிய ஓராண்டு அல்லது அதற்கு மேலும் ஆகும்.

இச்சிகிச்சையை நாற்று நடுகைக்கு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை பொருத்தமானதே; ஆனால் ஓரிடத்தில் அது பிழைபடும். கமக்காரன் நாற்றுமேடையில் மறுபோகத்துக்கும் விதைப்பான். பின்தலை என்னும் நாற்றுமேடையில் ஒருமுறை பிடுங்கிய இடத்தில் மறுபடியும் எதுவும் முளைப்பதில்லை. சத்திரசிகிச்சையால் தலையில் ஒரு மயிர்கூடப் புதிதாக உண்டாவதில்லை. சாதாரண தலையொன்றின் பின்புறத்திலிருந்து வாழ்நாள் முழுவதும் எடுக்கத்தக்கவை ஏறத்தாழ ஆறாயிரம் மயிர்க்கூட்டங்களே. முற்றிய வழுக்கையின் பரப்போ ஏறத்தாழ 200 சதுர சதமமீற்றர். அங்கே முன்பு சதுர சதமமீற்றருக்கு எழுபத்தைந்து வரையான கூட்டங்கள் இருந்திருக்கும். கணக்குப் பார்த்தால் 15,000 வேண்டும், கைம்முதலோ 6,000! செறிவிற் பாதி குறையும்வரை கண்ணுக்குக் குறை தெரியாது என்பதே வைத்தியருக்குத் துணை. அவர் முப்பது நாற்பதை நட்டு, நிறைந்திருப்பதுபோலக் காட்டுகிறார்.

மேலும், நடுகை வழுக்கையை நிறுத்துவதில்லை. நட்ட மயிர் நிற்கும். அதன் பின்னால் இயல்பாக இருந்த மயிர் தன்பாட்டில் மெலிந்துகொண்டே போகும். இருபத்திரண்டு வயது இளைஞன் விரும்புவதோ தன் பதினாறு வயது நெற்றி. அவன் கேட்டபடியே தாழ்வாக நெற்றியோரத்தை அமைத்து மூவாயிரம் கூட்டங்களை நட்டுவிட்டால், சில ஆண்டுகள் மகிழ்ந்திருப்பான். நாற்பது வயதில் முன்னே ஒரு மயிர்வேலி நிற்கும். அதன் பின்னே வெறுந்தரை. அதனை நிரப்பப் பின்தலையிற் போதிய இருப்பிராது. வேலியை மழித்துவிடலாமென்றால் வடுக்கள் வெளித்தெரியும். வழுக்கையாகவே இருந்திருந்தால் அவன் தலை இவ்வளவு விகாரமாக இராது.

பெருங் கேடு விளைவது இங்கேதான். துருக்கியின் இஸ்தான்புல் நகரம் இச்சிகிச்சைக்குப் பேர்போனது. விமான நிலையத்தில் வரவேற்பது முதல் விடுதியில் தங்க வைப்பதுவரை ஒரே விலை பேசி உலகெங்குமிருந்து ஆடவரை அழைக்கின்றனர். அங்கே தேர்ந்த வைத்தியர்களும் உளர். ஆனால் அங்கும் பிற நாடுகளிலும், வைத்தியரின் பெயரை வாயிலில் எழுதிவிட்டு, உரிமம் பெறாத உதவியாளரைக் கொண்டே தோண்டுவதும் பிளப்பதும் செய்விக்கும் இடங்களும் உள. 1993 இல் தோன்றிய சர்வதேச மயிர் மீட்புச் சத்திரசிகிச்சைச் சங்கம் இதுபற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகின்றது. ஒரே அமர்வில் ஐயாயிரம் என்று எண்ணிக்கையைச் சொல்லி மயக்குவது அத்தகைய இடங்களின் வழக்கம். அளவுக்கு மீறித் தோண்டிய பின்தலை பூச்சியரித்த துணிபோலாகும். விறைப்பு மருந்தின் அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆதலால் சிகிச்சைக்குச் செல்பவர் கேட்க வேண்டியவை சில உண்டு. பிளவுகளை இடுபவர் யார்? இம்முறை எடுத்தபின் பின்தலையில் எவ்வளவு எஞ்சும்? வழுக்கை மேலும் பரவினால் என்ன செய்வதாக எண்ணம்? இக்கேள்விகளுக்கு முகஞ்சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நாற்பதைத் தாண்டி, வழுக்கையின் போக்கு ஒருவாறு தெளிந்து, பின்தலை செறிந்திருப்பவருக்கு இச்சிகிச்சை நற்பயன் அளிக்கும். உயர்ந்த நெற்றியோடு வயதுக்கேற்ற தோற்றம் அமையும். பக்கத்தில் இருப்பவரும் கண்டுகொள்ளார். இருபத்திரண்டு வயது இளைஞன் வந்தாலோ, தேர்ந்த வைத்தியர் அவன் தலையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்கிறார். தகப்பனார், மாமன்மார், சிறிய தகப்பன்மார் தலைகளைப் பற்றி விசாரிக்கிறார். படம் எடுத்து வைக்கிறார். பின்னர், இப்போது நடுவதற்கில்லை என்று சொல்லி, நன்மை தீமை இரண்டையும் விளக்கி மருந்து எழுதிக் கொடுத்து, ஓராண்டு கழித்து வரும்படி அனுப்புகிறார். அந்த ஓராண்டின்பின் அதே வெளிச்சத்தில் எடுக்கும் இரண்டாவது படத்தை முதற்படத்தின் அருகே வைத்துப் பார்த்தபின்பே அவர்களிடையே நடுகை என்னும் பேச்சு எழும்.