மாடியில் பேனல், கம்பத்தில் ஓர் உயிர்

தமிழ்நாட்டில் கோடைக்கால ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கினால் வீட்டுக்காரர்களின் கண் 500 என்ற எண்ணின் மேல்தான். இரண்டு மாதக் கணக்கில் அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் என்பதோடு போவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த பாதி விலைச் சலுகையும் கைவிட்டுப் போகிறது. 501-வது யூனிட் ஒன்றே இருநூறு ரூபாய்க்கு மேல் விழுங்கிவிடும்.

எனவே மொட்டை மாடிக்கு ஏறுவதற்கு முன் சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்ப்பது நல்லது. பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும்; பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஃபேன் ஒன்றுக்கு 40 யூனிட் மிச்சம். 580 யூனிட் ஓடுகிற வீட்டில் மூன்று ஃபேன்களை மாற்றினால் கணக்கு 460-க்கு இறங்கும். பில்லில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறையும். ஏசியை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் அதன் செலவில் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும்.

அடுத்ததுதான் சோலார். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் வரை தரும். 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஆனாலும் விண்ணப்பம், நெட் மீட்டர் என்று அலைய மனமில்லாமல், வீடியோ பார்த்துத் தாமே மாட்டிக்கொள்ளும் ஆர்வம் பரவுகிறது. 12 வோல்ட் பேட்டரி, 100 வாட் பேனல், நான்கு விளக்கு என்ற அளவில் தனியாக நிற்கும் அமைப்பென்றால் தாராளமாகச் செய்யலாம். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருந்தாக வேண்டும்.

கவலை அதற்கு மேல்தான். சிலர் இன்வெர்ட்டரின் வெளியீட்டை இருபுறமும் பிளக் வைத்த ஒயரால் சுவர் சாக்கெட்டில் செருகிவிடுகிறார்கள். வீடு முழுக்க விளக்கு எரியும், உண்மைதான். மெயின் ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே இருந்தால் அதே கரன்ட் சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருவுக்கும் போகும். பெரும்பாலும் அக்கம்பக்கத்து லோடு தாங்காமல் இன்வெர்ட்டர் நின்றுவிடும். ஆனால் புயலில் கம்பி அறுந்து, அந்த வீடு மட்டும் துண்டாகத் தொங்கும் லைனில் இருந்தால்? ஷட்டவுன் கொடுத்தாயிற்று என்று கம்பத்தில் ஏறிய லைன்மேனின் கை தொடுவது 230 வோல்ட்டை. டிரான்ஸ்ஃபார்மர் வரை அது போய்விட்டால், 230 வோல்ட் மறுபக்கம் 11,000 வோல்ட்டாக ஏறும்.

முறைப்படி இணைக்கும் சோலார் இன்வெர்ட்டர், தெருவில் கரன்ட் போனதும் தானே அணைந்துவிடும்படி செய்யப்பட்டது. 'சோலார் போட்டும் பவர் கட்டில் இருட்டா?' என்று பலர் சலித்துக்கொள்வது இதைத்தான். அந்த இருட்டு கம்பத்தில் இருப்பவருக்கான காவல்.

ஜெர்மனியில் பால்கனிப் பேனலைத் தாங்களே மாட்டிச் சாக்கெட்டில் செருகுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே இன்வெர்ட்டருக்கு 800 வாட் வரம்பு உண்டு. தெருவில் கரன்ட் போனால் அதுவும் நின்றாக வேண்டும். பேட்டரி இன்வெர்ட்டரைச் செருகுவது அந்த வகையில் சேராது.

பவர் கட்டிலும் வீட்டுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போட வேண்டும்: தெரு லைன் அல்லது இன்வெர்ட்டர், ஒரு நேரத்தில் ஒன்றுதான் வீட்டோடு சேரும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு அது அரை நாள் வேலை.