ஞானஸ்நானப் பதிவேடும் நாடிழந்தோர் கடிதங்களும்

நாடிழந்தோர் கடிதங்கள் திருமறை வாசகர்களாகிய நமக்குப் புதியன அல்ல. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய நிருபத்தை (எரேமியா 29) நாம் அருளுரைக்கு எடுத்துக்கொள்கிறோம். அதே சிறையிருப்பில் கின்னரங்களை ஒதுக்கிவைத்த இசைவாணரின் புலம்பலை 137ஆம் சங்கீதத்தில் வாசிக்கிறோம். இருபதாம் நூற்றாண்டில் அவ்வினத்து இசைவாணர்கள் மீண்டும் நாடிழந்து அலைந்தபோது எழுதிய கடிதங்களோ நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இடம்பெறுமாயின் நமக்குச் சங்கடமான ஒரு செய்தி வெளிப்படும். அவர்களுள் சிலர் நம்முடைய சபைகளிலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர் என்பதே அது. அத்தகையோருள் ஒருவரான ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் கடிதங்களை இங்கு ஆராய விழைகிறோம்.

ஷோன்பெர்க் 1874ஆம் ஆண்டு வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பன்னிரண்டு சுரங்களுக்கும் சம மதிப்பளித்து இசையமைக்கும் முறையை வகுத்தவர் என்று மேனாட்டு இசை வரலாறு அவரைப் போற்றுகிறது. 1898ஆம் ஆண்டு அவர் வியன்னாவில் புரொட்டஸ்டண்டுத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அக்காலத்தில் யூதர் சிலர் ஞானஸ்நானம் பெற்றது உத்தியோகத்தின் பொருட்டு. குஸ்தாவ் மாலர் 1897இல் கத்தோலிக்கரான பின்னரே வியன்னா அரசவை இசைநாடக அரங்கின் தலைமை அவருக்குக் கிடைத்தது. ஷோன்பெர்க்கைப் பற்றி அங்ஙனம் சொல்லிவிட இயலாது. கத்தோலிக்கப் பெருநகரில் புரொட்டஸ்டண்டு ஆவதனால் உலகியல் ஆதாயம் என்ன கிடைத்துவிடும்? 1912ஆம் ஆண்டு டிசம்பரில் ரிச்சர்ட் டேமல் என்னும் கவிஞருக்கு அவர் எழுதிய கடிதத்தில், நவீன மனிதன் உலகாயதம், நாத்திகம் முதலியவற்றைக் கடந்து, யாக்கோபைப் போல் இறைவனோடு போராடி, முடிவில் செபிக்கக் கற்றுக்கொள்வதைப் பாடும் ஒரு பெரும்படைப்பை இயற்ற விரும்புவதாகத் தெரிவிக்கிறார். வெறும் பெயரளவில் கிறிஸ்தவராயிருந்த ஒருவர் இவ்வாறு எழுதியிருப்பாரா என்பது ஐயமே.

1921ஆம் ஆண்டுக் கோடையில் சால்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள மாட்சே என்னும் ஊரில் அவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். யூத விருந்தினர் வெளியேற வேண்டுமென்று அவ்வூரில் அறிவிப்பு எழுந்தது. ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டினால் அவர் தங்கியிருக்கலாம். அவர் அவ்வாறு தங்கவில்லை. குடும்பத்தோடு டிரவுன்கிர்ஹென் என்னும் வேறோர் ஊருக்குச் சென்றுவிட்டார். ஆயர் கையொப்பமிட்ட ஒரு தாள், அவர் மனிதரா அல்லரா என்பதற்குச் சாட்சியாகக் கேட்கப்பட்டதை அவர் பின்னர் மறக்கவே இல்லை.

இரண்டாண்டுகள் சென்று, 1923 ஏப்ரலில், ஓவியர் காண்டின்ஸ்கியிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. வைமர் நகரில் பௌஹௌஸ் என்னும் கலைப்பள்ளியில் பணிபுரிந்த அவர், அந்நகர இசைப்பள்ளியின் தலைமையை ஏற்க ஷோன்பெர்க் முன்வருவாரா என்று வினவினார். இருவரும் நெடுநாள் நண்பர்கள். ஆயினும், பௌஹௌஸ் வட்டாரத்தில் யூத வெறுப்புப் பேச்சு உண்டென்றும் காண்டின்ஸ்கியும் அதற்கு விலக்கல்லர் என்றும் ஷோன்பெர்க்கின் காதுக்கு எட்டியிருந்தது. அவர் எழுதிய மறுமொழி இருபதாம் நூற்றாண்டின் துயரமிக்க கடிதங்களுள் ஒன்று. தாம் ஜெர்மானியரும் அல்லர், ஐரோப்பியரும் அல்லர், ஒருவேளை மனிதரும் அல்லர், யூதர் மட்டுமே என்னும் பாடத்தைக் கடந்த ஓராண்டில் தமக்கு வலிந்து கற்பித்துவிட்டார்கள். அப்பாடத்தை இனி மறக்கப்போவதில்லை என்பது அதன் சாரம். 

காண்டின்ஸ்கி வருந்தி, தம் நண்பரைத் தாம் கலைஞராகவும் மனிதராகவும் நேசிப்பதாகப் பதில் எழுதினார். நல்லெண்ணம் உடையோர் வழக்கமாகச் சொல்லும் மறுமொழிதான் அது. நாமும் அப்படித்தான் எழுதியிருப்போம். மே 4ஆம் நாள் ஷோன்பெர்க் எழுதிய நீண்ட இரண்டாம் கடிதம் அந்த நல்லெண்ணத்தையே கூண்டில் நிறுத்துகிறது. தெருவில் நடக்கும்போது, இவன் யூதனா கிறிஸ்தவனா என்று முகத்தை உற்றுநோக்கும் ஒவ்வொருவரிடமும் சென்று, காண்டின்ஸ்கி முதலியோர் எனக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள் என்று தாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று அதில் கேட்கிறார். ஹிட்லர் என்னும் மனிதர் அவ்விலக்கை ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதையும் குறிப்பிடுகிறார். யூத வெறுப்பு வன்செயலில் அன்றி வேறெதில் போய் முடியும், இதைக் கற்பனை செய்வது அவ்வளவு கடினமா என்றும் வினவுகிறார். ஹிட்லர் ஆட்சியைப் பிடிப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது. இறைவாக்கினரின் பார்வை என்று இதைப் புகழ்வதற்கு நாம் விரைய வேண்டுவதில்லை. அடிபட்டவன் அடுத்த அடி எங்கிருந்து வரும் என்பதை அறிவான், அவ்வளவே.

அந்த அடி 1933இல் விழுந்தது. ஷோன்பெர்க் அப்பொழுது பெர்லினில் பிரஷ்யக் கலைக் கழகத்தில் இசையமைப்புப் பேராசிரியர். மார்ச்சு முதல் நாள் கூட்டத்தில், யூதச் செல்வாக்கு முறிக்கப்பட வேண்டும் என்ற அரசின் கருத்தைக் கழகத் தலைவர் மாக்ஸ் ஃபோன் ஷில்லிங்ஸ் தெரிவித்தார். ஷோன்பெர்க் எழுந்து வெளியேறினார். அம்மாதத்திலேயே பதவி விலகல் கடிதம் அனுப்பினார். மே மாதத்தில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் பாரிசுக்குச் சென்றார். ஜூலை 24ஆம் நாள் அங்குள்ள யூதத் தொழுகைக் கூடத்தில், ரபி லூயி-ஜெர்மேன் லேவியின் முன்னிலையில், மீண்டும் யூத சமயத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அதற்கான ஆவணத்தில் சாட்சியாகக் கையொப்பமிட்டோருள் ஓவியர் மார்க் ஷகாலும் ஒருவர்.

ஆகஸ்டில் தம் மாணவர் ஆண்டன் வேபர்னுக்கு அவர் எழுதிய கடிதம், இதற்காகத் தாம் பதினான்கு ஆண்டுகளாக ஆயத்தமாகி வந்ததாகவும், மேலைநாட்டோடு தம்மைப் பிணைத்தவற்றைத் துன்பத்தோடும் தயக்கத்தோடும் அறுத்துக்கொண்டதாகவும் கூறுகிறது. இனித் தம் கலையைவிடத் தம் மக்களின் பணியே முதன்மை என்றும் அறிவிக்கிறார். அக்டோபரில் மற்றொரு மாணவரான ஆல்பன் பெர்குக்கு எழுதுகையில், யூத சமயத்திற்குத் தாம் திரும்பியது நெடுநாட்களுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது, தம் படைப்புகளில் அதைக் காணலாம் என்கிறார். அவர் சுட்டும் படைப்புகளுள் ஒன்று ‘மோசேயும் ஆரோனும்’ என்னும் இசைநாடகம். காணவும் உருவாக்கவும் இயலாத இறைவனைச் சொல்லில் அடக்கத் தவிக்கும் மோசேயையும், மக்களுக்காக அவரை உருவத்தில் காட்டிவிடும் ஆரோனையும் எதிரெதிரே நிறுத்தும் அந்நாடகத்தின் இரு அங்கங்களுக்கு மட்டுமே இசை அமைந்தது. மூன்றாம் அங்கம் சொற்களாகவே நின்றுவிட்டது. நாவன்மை இல்லை என்று மோசே இறைவனிடம் முறையிட்டதைப் பற்றி (யாத்திராகமம் 4:10) அருளுரை ஆற்றுவோர் இவ்விசையை ஒருமுறையேனும் கேட்பது நன்று.

இம்மனிதரை விசுவாசத்தை மறுதலித்தவர் என்று நம்முள் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு தீர்ப்பளிக்குமுன், அதே ஆண்டில் அவருக்கு ஞானஸ்நானம் அளித்த மரபின் ஜெர்மானியச் சபைகள் செய்தது என்ன என்று நோக்குவோம். 1933 ஏப்ரல் 7ஆம் நாள் அரசு ஊழியச் சட்டம் யூத வம்சத்தினரைப் பதவிகளிலிருந்து நீக்கியது. செப்டம்பரில் பழைய பிரஷ்யச் சபைச் சங்கத்தின் பொதுச் சினாடு அதே விதியைத் தன் ஆயர்கள்மீதும் சுமத்தியது. அதனை எதிர்த்து மார்ட்டின் நீமோலர் முதலியோர் ஆயர்களின் அவசரகாலச் சங்கத்தை அமைத்தனர். டீட்ரிக் போன்ஹோஃபர், திருச்சபையும் யூதரும் பற்றிய தம் கட்டுரையை அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே வெளியிட்டிருந்தார். எனினும் நாம் பெருமையோடு கற்பிக்கும் 1934ஆம் ஆண்டின் பார்மென் அறிக்கையில் யூதர் என்ற சொல்லே இல்லை. 1945ஆம் ஆண்டின் ஷ்டுட்கார்ட் குற்ற அறிக்கையிலும் இல்லை.

ஆயர்களாகிய நம்மை நேரே தொடும் செய்தி ஒன்றுண்டு. ஒருவர் ஆரியர் என்று நிறுவுவதற்கு அவருடைய பெற்றோர், பாட்டன் பாட்டியரின் ஞானஸ்நானப் பதிவுகள் வேண்டியிருந்தன. அப்பதிவேடுகள் சபை அலுவலகங்களில்தான் இருந்தன. ஆகவே குருமனைகளில் நாள்தோறும் நகல்கள் எழுதப்பட்டன. பெர்லினில் 1936ஆம் ஆண்டு திருச்சபையே தனி அலுவலகம் ஒன்றைத் திறந்து, பழைய பதிவேடுகளிலிருந்து ஞானஸ்நானம் பெற்ற யூதரின் பெயர்களைத் தேடியெடுத்து அட்டைகளில் பதிந்தது. ஒருவரைக் கிறிஸ்துவின் சரீரத்தில் சேர்த்ததற்கு அடையாளமாக எழுதப்பட்ட வரி, அவரைக் காட்டிக்கொடுக்கும் வரியாயிற்று. 1941 டிசம்பரில் சாக்சனி, துரிங்கியா உள்ளிட்ட ஏழு மாநிலச் சபைகள், யூத வம்சத்துக் கிறிஸ்தவருக்குத் தங்கள் நடுவே இடமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தன. இந்நிலையில், ஞானஸ்நானத்தை முதலில் மறுதலித்தவர் யார்?

விலக்காக நின்றோரும் உண்டு. ஆயர் ஹைன்ரிக் குரூபர் 1938இல் பெர்லினில் திறந்த அலுவலகம், யூத வம்சத்துக் கிறிஸ்தவர் வெளிநாடு செல்ல உதவியது. 1940 டிசம்பரில் அவர் கைதானார். அவருக்குத் துணைநின்ற ஆயர் வெர்னர் சில்டன் 1942இல் கொல்லப்பட்டார்.

வெளியேறுவதற்கு அக்காலத்தில் வேண்டியிருந்தவையும் பெரும்பாலும் கடிதங்களே. அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் எண்ணிக்கை வரம்பிட்டது. ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட 1938க்குப் பின் இரண்டிற்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 பேர் மட்டுமே. விசா பெற விரும்புவோர், அரசுக்குச் சுமையாக மாட்டார் என்று அங்குள்ள ஒருவர் கையொப்பமிட்ட பிணைப்பத்திரத்தைப் பெற முயன்றனர். சமய குருமாரும் கல்லூரி, குருமடப் பேராசிரியரும் அவ்வரம்பிற்கு உட்படாதோர் ஆகையால், ஒரு கல்வி நிறுவனத்தின் நியமனக் கடிதம் உயிர்காக்கும் தாளாயிற்று. 1933 அக்டோபரில் அமெரிக்கா வந்து, பின்னர் லாஸ் ஏஞ்சலிசில் குடியேறிய ஷோன்பெர்க், உறவினருக்கும் பிற இசைவாணருக்கும் வேலை தேடியும் பிணை வேண்டியும் எழுதினார். முன்பு சுரங்களையும் அழகியலையும் பேசிய அவர் கடிதங்கள் இப்பொழுது சம்பளத்தையும் முகவரிகளையும் பேசின. நம் நோக்கில் இவையே அவருடைய மேய்ப்புப்பணிக் கடிதங்கள். அவருடைய மகள் கெர்ட்ரூடின் குடும்பம் 1938இல் வந்து சேர்ந்தது. முதல் மனைவியின் உடன்பிறப்பும் தம் இளமைக்கால ஆசானுமான செம்லின்ஸ்கியும் அவ்வாண்டு வந்து, 1942இல் நியூயார்க் அருகே மறைந்தார். உறவினர் ஆர்தர் தெரேசியன்ஷ்டாட் முகாமில் மடிந்தார்.

ஷோன்பெர்க் எளிதில் பழகக்கூடியவர் அல்லர். 1938இல் யூத மக்களுக்காக அவர் வரைந்த அரசியல் திட்டம் தனித்தலைமையை நாடுவது. அதனை நாம் ஏற்க இயலாது. 1945இல், ‘மோசேயும் ஆரோனும்’ நாடகத்தை முடிக்கக் குகன்ஹைம் அறநிலையத்திடம் உதவி வேண்டி விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். எழுபது வயதில் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அவருக்குக் கிடைத்த ஓய்வூதியம் மிகச் சிறிது.

1951 ஏப்ரலில் எருசலேமின் இசைக் கழகம் அவரைக் கௌரவத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நோயுற்றிருந்த அவர் நன்றி தெரிவித்து எழுதிய கடிதம், அங்குப் பயில்வோர் கலையின் ஆசாரியராகத் திகழ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. அதற்கு முந்திய ஆண்டில் 130ஆம் சங்கீதத்திற்கு எபிரெய மொழியிலேயே இசையமைத்திருந்தார். தாமே சில புதிய சங்கீதங்களையும் இயற்றத் தொடங்கினார். அவற்றுள் முதலாவதற்கு அவர் அமைத்த இசை, செபிப்பதைப் பற்றிய ஒரு வரியில் நின்றுபோயிற்று. ஜூலை 13ஆம் நாள் அவர் காலமானார்.