கல்விச் செலவு

'செலவு' என்னும் சொல் சங்க நூல்களில் பயணத்தைக் குறித்தது. தலைவன் பிரிந்து செல்லத் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்கல்' என்று நம் முன்னோர் வழங்கினர். இன்றோ அச்சொல் கையை விட்டுப் போகும் பணத்தையே பெரிதும் குறிக்கிறது. மாணவர் ஒருவர் அயல்நாடு சென்று பயிலும்போது இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆதலின் அச்செலவால் பெறுவது யாது என்று பெற்றோர் வினவுதல் முறையே.

நம் வட்டாரத்து இளைஞர்க்குக் கடல் கடத்தல் புதிதன்று. வளைகுடா நாடுகளுக்குப் பொருள்வயிற் பிரிந்தோர் பலர். கல்வியின் பொருட்டுச் சென்றோர் சிலர். மேலைநாட்டுக் கல்லூரிகளிலோ, சூழலியலையும் பொருளியலையும் இணைத்துக் கற்க ஒரு பருவம் அயல்நாட்டில் தங்குவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு புறப்படுவோர் எங்குச் செல்கின்றனர் என்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அவர்களுள் ஒரு சாரார் வந்து இறங்கிய இடம் நம் விழுப்புரம் மாவட்டமே.

1968 பிப்ரவரி 28 அன்று தோற்றுவிக்கப்பெற்ற ஆரோவில்லின் பெரும்பகுதி வானூர் வட்டத்தில் உள்ளது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆம்கர்ஸ்ட் வளாகத்துடன் இணைந்து 'லிவிங் ரூட்ஸ்' என்னும் அமைப்பு 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மாணவர் குழுக்களை அங்கு அழைத்து வந்தது. மழைநீர் அரித்து, செம்மண் பள்ளங்களாகக் கிழிந்து கிடந்த மேட்டுநிலம் அது. வரப்பிட்டு நீரைத் தேக்கினால் நீர் மண்ணில் இறங்கும். நட்ட மரம் பிழைக்கும். உதிர்ந்த இலை மண்ணாகும். இது சூழலியல். மரம் வளரும் வரை வருவாய் இல்லை. வரப்பிட்டவர்க்கு யார் கூலி தருவது? ஊறிய நீர் அடுத்த ஊர்க் கிணற்றில் ஏறினால் அப்பயன் யார் கணக்கில் சேரும்? இது பொருளியல். ஆங்கிலத்தில் இவ்விரு துறைகளின் பெயர்களும் 'வீடு' எனப் பொருள்படும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. வீட்டை அறிவது ஒன்று. வீட்டுக் கணக்கை நடத்துவது மற்றொன்று.

எதிர்த்திசையில் சென்ற தமிழர் ஒருவரையும் நம் மாணவர் அறிதல் வேண்டும். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்காய்வு பயின்றவர். 1927-இல் அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் கற்றார். இந்திய வறுமைக்கும் அரசின் நிதிமுறைக்கும் உள்ள தொடர்பை அவர் ஆராய்ந்தது நியூயார்க்கில். 1929-இல் தாயகம் திரும்பியவர், குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கொண்டு மாதர் வட்டத்துச் சிற்றூர்களில் பொருளாதார நிலையைக் கணக்கெடுத்தார். புதுப்பித்துக்கொள்ளும் இயற்கை வளம், தீர்ந்துபோகும் வளம் என்னும் பாகுபாட்டின்மேல் அவர் எழுப்பிய கொள்கை 1945-இல் சிறையிலிருந்தபோது நூல் வடிவம் பெற்றது. கொலம்பியா அவருக்குக் கருவியைத் தந்தது. மாதர் வட்டம் அக்கருவிக்கு வேலை தந்தது. முன்னதைவிடப் பின்னதே அரிது என்பது நம் கருத்து.

நமக்கு அத்தகைய வட்டம் திண்டிவனத்தைச் சுற்றியே இருக்கிறது. தமிழ்த்துறையினர்க்கு இவ்வழி பழக்கமானதே. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனது ஓய்மாநாடு இப்பகுதி. அவனது கிடங்கில் திண்டிவனத்தைச் சார்ந்தது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர் ஆய்வாளர். அந்நூலில் பாணன் செல்லும் வழியெங்கும் நிலமும் உணவும் தொழிலும் சேர்ந்தே வருகின்றன. பரதவர் ஊரில் சுட்ட மீன், உழவர் ஊரில் நண்டுக் கலவையுடன் வெண்சோறு. விருந்து படைப்பவர் யார், அப்பொருள் அவர்க்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் படித்தால், அது ஒரு கள ஆய்வுக் குறிப்பாகவும் விளங்கும்.

இன்றைய ஆய்வைத் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கலாம். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என ஆந்திரம், கருநாடகம் வரை பரவிய நிலக்கடலை இரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனமே. தென்னமெரிக்கப் பயிர் ஒன்று நம் ஊர்ப் பெயரைச் சுமந்து திரிகிறது!

அங்கிருந்து மரக்காணம் செல்லும் மாணவர் கழுவெளியில் சற்று நிற்றல் வேண்டும். சுற்றுவட்டார ஏரிகளின் மிகைநீர் மழைக்காலத்தில் அதிற் சேரும். முகத்துவாரத்தின் வழியே கடல்நீரும் ஏறும். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இவ்விடத்தை நாடி வடபுலத்துப் பறவைகள் வருகின்றன. தமிழக அரசு 2021 டிசம்பரில் இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-இல் இது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பன்னாட்டு மதிப்பு வந்துவிட்டது. உள்ளூர்க் கணக்கு இன்னும் தீரவில்லை.

இறால் பண்ணையை எடுத்துக்கொள்வோம். உப்புநீரைக் குளத்தில் தேக்கினால் அது பக்கத்து நிலத்துள் கசியக்கூடும். இறாலின் விலை பண்ணையாளர் ஏட்டில் வரவாகும். உவர்த்துப்போன கிணறு எவர் ஏட்டிலும் ஏறுவதில்லை, அதை நம்பிய உழவர் வயிற்றில் ஏறும். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, மாசு செய்தவரே இழப்பீடு தருதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஓர் ஆணையம் அமைக்கும் சட்டம் வந்து, பண்ணைகள் பதிவு பெற வழிசெய்தது. தீர்ப்பையும் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படிப்பது பொருளியல் மாணவர்க்குத் தக்க பயிற்சி. எனினும் பண்ணையில் கூலி பெறுவோரையும் கேளாமல் முடிவுக்கு வருதல் நேர்மையாகாது.

உப்பளமும் அவ்வாறே. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால் உழவர் மகிழ்வர். அதே மழையில் பாத்திகள் கரைய, உப்பளத் தொழிலாளர் வேலையின்றி இருப்பர். ஒரே மழை, இரு கணக்கு.

இச்செலவுக்கு மாசி மாதம் ஏற்றது. வலசைப் பறவைகள் முற்றிலும் திரும்பியிரா. உப்பளத்திலும் வேலை தொடங்கியிருக்கும். காலை வெயில் ஏறுமுன் கழுவெளிக் கரையை அடைதல் நலம். ஒவ்வொரு குழுவும் இரு ஏடுகள் கொண்டு செல்லட்டும்: ஒன்றில் கண்டவை; மற்றொன்றில், அவற்றால் பெற்றவர் யார், இழந்தவர் யார் என்பது.