பழைய 1 ரிங்கிட் நாணயம் கையில இருக்கா? விற்கும் முன் இதைப் படிங்க

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் வாரக்கடைசிச் சந்தையில் பழைய காசு விற்கப் போறீங்களா? சில சொற்கள் தெரிஞ்சிருக்கணும்.

கிரிஸ் பொறித்த 1 ரிங்கிட் நாணயம் ‘டிமானிடைஸ்டு’. அதாவது, 2005 டிசம்பர் 7 முதல் கடையில் செல்லாது, சேகரிப்பாளர் வாங்கலாம். 1 சென் அப்படியில்லை. 2008 ஏப்ரல் முதல் பில் தொகையை 5 சென் கணக்கில் ரவுண்ட் பண்ணினாலும், அது இன்னும் செல்லும் காசுதான்.

‘யுஎன்சி’ என்றால் புழக்கத்துக்கே வராதது. ‘ப்ரூஃப்’ என்பது சேகரிப்புக்காகவே மெருகேற்றிய அச்சில் அடித்தது. பளபளப்பா இருக்கிறதெல்லாம் ப்ரூஃப் இல்லை. ‘எரர்’ என்பது அச்சடிக்கும்போதே நேர்ந்த பிழை. பிறகு விழுந்த கீறல் வெறும் சேதம்.

முக்கியமா, புளி போட்டுத் தேய்க்காதீங்க! தேய்த்த தடம் லென்ஸில் தெரிஞ்சிடும், விலையும் இறங்கிடும்.