பாதை தெரிகிறது, ஊர் தெரியவில்லை

பிரிட்டனில் கார் ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வு 2017 டிசம்பர் 4 அன்று மாற்றியமைக்கப்பட்டபோது, தேர்வர்களில் ஐவரில் நால்வர் ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு, ‘சாட்நாவ்’ எனப்படும் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி சொல்லும் திசையில் வண்டியைச் செலுத்திக் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. எஞ்சிய ஒருவர் சாலையோரப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து ஓட்டினால் போதும். கருவியைக் கொண்டுவந்து பொருத்துவதும் வழியைப் பதிவதும் தேர்வு அலுவலரின் பொறுப்பு. வழி தவறிப் போனாலும், ஓட்டுவதில் பிழை இல்லாதவரை, தேர்வருக்கு அது குறையாகக் கொள்ளப்படுவதில்லை. எனவே கருவியின் குரலைக் கேட்டுக்கொண்டே சாலையின் மீதும் கவனம் வைக்கத் தெரிகிறதா என்பது மட்டுமே அங்கே சோதிக்கப்படுகிறது. வரைபடம் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

காகித வரைபடமா, கருவியா என்ற வாதம் பெரும்பாலும் பழையது, புதியது என்ற கணக்கிலேயே நின்றுவிடுகிறது. வரைபடங்களின் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு பிரிவினை தென்படும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும் வழியை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்ன இடத்தில் இன்ன பக்கம் திரும்புக என்று வரிசை மாறாமல் காட்டுவது ஒரு வகை. இதைத் தடவரைபடம் எனலாம். ஒரு நிலப்பகுதி முழுவதையும் மேலிருந்து பார்ப்பதுபோல் விரித்துவைத்து, அதற்குள் எங்கிருந்து எங்குப் போவது என்பதைப் படிப்பவரின் தீர்மானத்துக்கே விட்டுவிடுவது மற்றொரு வகை. இது பரப்பு வரைபடம். உளவியலாளர்களும் மனிதரின் இட அறிவை ஏறக்குறைய இதே முறையில் வழியறிவு, பரப்பறிவு என இரண்டாகப் பகுக்கிறார்கள். வழியறிவு உள்ளவர் தெரிந்த பாதையில் தவறாமல் போய்ச் சேருவார். பரப்பறிவு உள்ளவர் அந்தப் பாதை அடைபட்டிருந்தாலும் மாற்றுவழி கண்டுபிடிப்பார். இந்தப் பிரிவினையில் சாட்நாவ் தடவரைபடத்தின் பக்கமே நிற்கிறது என்பதால், தொழில்நுட்பத்தில் புதியதாயினும் இனத்தால் அது மிகப் பழையது.

அதன் நேர் முன்னோரை 1675இல் லண்டனில் ஜான் ஓகில்பி வெளியிட்ட ‘பிரிட்டானியா’ என்ற சாலை வரைபடத் தொகுப்பில் பார்க்கலாம். நூறு தகடுகளில் அச்சிடப்பட்ட அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும், நீளச் சுருளோலையை மடித்து மடித்து வைத்தாற்போல, அருகருகே சில பட்டைகள் நிற்கின்றன. பயணி இடப்புறப் பட்டையின் அடியில் தொடங்கி மேல்நோக்கிச் சென்று, உச்சியை அடைந்ததும் அடுத்த பட்டையின் அடிக்கு இறங்கி, மீண்டும் மேலேறுவார். சாலை எப்போதும் மேல்நோக்கியே போவதால் வடக்குத் திசை பட்டைக்குப் பட்டை மாறும். அதைச் சொல்வதற்காக ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியே ஒரு திசைகாட்டிச் சக்கரம் வரையப்பட்டிருக்கும். ஏற வேண்டிய குன்று நேராகவும், இறங்க வேண்டிய குன்று தலைகீழாகவும் தீட்டப்பட்டிருக்கும். வேலியடைத்த சாலைக்கு முழுக்கோடு, திறந்தவெளிச் சாலைக்குப் புள்ளிக்கோடு. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரையப்பட்ட அத்தொகுப்பில், சாலைக்கு இருபுறமும் சிறிது தொலைவுக்கு அப்பால் உள்ள எதுவும் கிடையாது. காரின் முகப்பில் ஒளிரும் இன்றைய திரையும் வண்டி போகும் திசையை மேலே வைத்து, முன்னாலுள்ள சாலையை மட்டும் நாடாவாக விரித்து, பக்கத்து ஊர்களை மங்கலாக்கிவிடுகிறது. ஓகில்பி இன்று உயிர் பெற்று வந்தால் அத்திரையை உடனே புரிந்துகொள்வார்.

தமிழ் வாசகருக்கு இந்த வகை அந்நியமன்று. பரிசில் பெற்று வந்த பாணன் மற்றொரு பாணனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை நூல்கள் பாட்டால் ஆன தடங்கள்தாமே; சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என நெய்தல், முல்லை, மருத நிலத்து ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கிடங்கிலில் முடிகின்றன. ஆனால் அவ்வழிகாட்டி, இடையிலுள்ள மக்கள் யார், என்ன உண்பார்கள், எப்படி வரவேற்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்பினான். அந்த அக்கறையைச் சாட்நாவிடம் எதிர்பார்க்க முடியாது.

பரப்பு வரைபடத்தைப் பிரிட்டனில் நிலைநாட்டியது 1791இல் தொடங்கிய ‘ஆர்ட்னன்ஸ் சர்வே’ என்னும் நில அளவைத் துறை. பிரெஞ்சுப் படையெடுப்பு குறித்த அச்சத்தில் இராணுவத் தேவைக்காகப் பிறந்த அத்துறையின் முதல் வரைபடம், கென்ட் மாவட்டத்தைக் காட்டுவது, 1801இல் வெளிவந்தது. ஒரு நேர்கோட்டின் நீளத்தைத் துல்லியமாக அளந்துகொண்டு, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கி நாடு முழுவதையும் கணக்கிடும் முக்கோண அளவை முறையே அதன் அடிப்படை. அதே முறையைத்தான் வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவில் தொடங்கினார். இன்று ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ‘லேண்ட்ரேஞ்சர்’ வரிசை 204 தாள்களில், 1:50,000 என்ற அளவில், அதாவது தரையின் அரை கிலோமீட்டரைத் தாளில் ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கி, கிரேட் பிரிட்டன் தீவு முழுவதையும் காட்டுகிறது. சமவுயரக் கோடுகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதைக் கொண்டு மேட்டின் செங்குத்தை அறியலாம். கோபுரம் உள்ள தேவாலயத்துக்கு ஒரு குறி, கூர்முனை உள்ளதற்கு வேறொரு குறி என்று, தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எது புலப்படும் என்பதுவரை அத்தாள் யோசித்திருக்கிறது. தேடிப் போனதோடு தேடாததையும் காட்டுவதே பரப்பு வரைபடத்தின் தனிச்சிறப்பு.

கருவி இயங்கும் விதம் குறித்து ஒரு பிழையான எண்ணம் பரவலாக உள்ளது. செயற்கைக்கோள் மேலிருந்து காரைப் பார்த்து வழி சொல்வதாகப் பலர் கருதுகின்றனர். அமெரிக்காவின் ஜிபிஎஸ் அமைப்பிலுள்ள செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தம் இருப்பிடத்தையும் தம்மிடமுள்ள அணுக் கடிகாரங்கள் காட்டும் நேரத்தையும் ஒலிபரப்புகின்றன. அவை செய்வது அவ்வளவே. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்புகளைப் பெறும் கருவி, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிடுகிறது. நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின்படி அந்தக் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடிகள் முந்துவதால், அதற்கான திருத்தமும் முன்கூட்டியே செய்யப்பட்டுள்ளது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் குறிப்பில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்ட பிறகே, பல பத்து மீட்டர்கள் பிசகிக்கொண்டிருந்த கணக்கு சில மீட்டர்களுக்குள் அடங்கி, சாலைக்குச் சாலை வேறுபடுத்திக் காட்டும் கருவி கடைகளில் பெருகியது.

இருப்பிடம் தெரிந்தபின் வழியைத் தேர்வது முற்றிலும் வேறொரு வேலை. சாலைச் சந்திப்புகளைப் புள்ளிகளாகவும், இடையிலுள்ள சாலைகளைக் கோடுகளாகவும் கொண்ட வலையில், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செலவு, பெரும்பாலும் கடக்க ஆகும் நேரம், எண்ணாக இடப்பட்டிருக்கும். மொத்தச் செலவு குறைந்த வழியைக் கண்டுபிடிக்கும் கணிதமுறையை நெதர்லாந்துக் கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாம் காப்பிக்கடை ஒன்றில் அமர்ந்து யோசித்து, 1959இல் வெளியிட்டார். இன்றைய கருவிகள் அதன் வழித்தோன்றல்களையே பயன்படுத்துகின்றன. இதில் கவனிக்க வேண்டியது, செலவில் சேராத எதுவும் கணக்கில் சேராது என்பதே. ஒரு சந்தின் அகலம், பாலத்தின் உயரம், மழைக்குப் பின் ஓடைத் துறையில் நிற்கும் நீர் ஆகியவை தரவில் எண்ணாக இல்லையெனில் அவை கருவிக்கு உலகிலேயே இல்லை. பிரிட்டனில் ரயில் பாலங்களின் அடியில் உயரமான லாரிகள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மோதுகின்றன. எல்லா மோதலுக்கும் கருவியே காரணமாகாது. எனினும் கார்களுக்கென உருவாக்கிய மலிவான கருவியை லாரியில் மாட்டிக்கொண்டு ஓட்டுவோருக்கு, பாலத்தின் உயரத்தை அது ஒருபோதும் சொல்லப்போவதில்லை.

பெயர்க் குழப்பம் பிழை நுழையும் இன்னொரு வாசல். 2008இல் துருக்கியிலிருந்து சொகுசுக் கார்களை ஏற்றிக்கொண்டு, ஸ்பெயினின் தென்கரையை ஒட்டிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான ஜிப்ரால்டருக்குப் புறப்பட்ட லாரி ஒன்று, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஸ்கெக்னஸ் அருகேயுள்ள ‘ஜிப்ரால்டர் பாயின்ட்’ என்னும் பறவைகள் சரணாலயத்தில் போய் நின்றது. செய்தி படித்தவர்கள் சிரித்தார்கள். ஆயினும் அந்த ஓட்டுநரை முட்டாள் என்று ஒதுக்குவது நியாயமன்று. அடுத்த திருப்பம் மட்டுமே தெரியும் திரையில், ஒவ்வொரு திருப்பமும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஐரோப்பாவின் படத்தை ஒருமுறை முழுதாக விரித்துப் பார்த்திருந்தால், ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும்போதே அவருக்கு ஐயம் எழுந்திருக்கும்.

மனித மூளைக்குள் வழியறிவும் பரப்பறிவும் எப்படித் தங்குகின்றன என்பதற்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த சான்று லண்டனின் கருப்பு டாக்சி ஓட்டுநர்களிடமிருந்து வந்தது. அந்நகரின் எப்பகுதிக்கும் பயணி ஏற்றும் உரிமம் வேண்டுவோர் ‘நாலெட்ஜ்’ என்று அழைக்கப்படும், 1865 முதல் நடந்துவரும் தேர்வில் தேற வேண்டும். சாரிங் கிராஸ் சந்திப்பிலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களையும், ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள், விடுதிகள், நீதிமன்றங்கள், நாடக அரங்குகளையும் மனத்தில் ஏற்றிக்கொள்வதற்குப் பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். மாணவர்கள் சிறு மோட்டார் சைக்கிளில், கைப்பிடிமேல் படத்தைப் பொருத்திக்கொண்டு, பாடநூலிலுள்ள 320 வழித்தடங்களையும் மழையிலும் குளிரிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். வீட்டுச் சுவரில் ஒட்டிய பெரிய வரைபடத்தில் புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நடுவே ஒரு பருத்தி நூலை இழுத்துப் பிடித்து, அந்நேர்கோட்டைவிட்டு அதிகம் விலகாத தெருக்கள் எவை என்று பார்ப்பதும் அவர்களின் பயிற்சியில் ஒன்று. பிறகு தேர்வு அலுவலர் முன் அமர்ந்து, அவர் சொல்லும் இரு இடங்களுக்கு இடையிலான தெருக்கள் அனைத்தையும், இடமா வலமா என்பது உட்பட, வாய்விட்டு ஒப்பிக்க வேண்டும். தடத்தில் தொடங்கிப் பரப்பில் முடியும் படிப்பு இது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த நரம்பியலறிஞர் எலினார் மக்வையர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வோட்டுநர்களின் மூளையில் ‘ஹிப்போகாம்பஸ்’ எனப்படும், இட நினைவுக்கும் நிகழ்ச்சி நினைவுக்கும் இன்றியமையாத பகுதியின் பின்பாகம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. இயல்பிலேயே அப்படி இருந்தவர்கள்தாம் இத்தொழிலுக்கு வந்தார்களோ என்ற ஐயத்துக்கு 2011இல் பதில் கிடைத்தது: பயிற்சிக்கு வந்த 79 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், தேர்வில் தேறிய 39 பேரிடம் மட்டுமே அவ்வளர்ச்சி காணப்பட்டது. இடையில், 2006இல், லண்டன் பேருந்து ஓட்டுநர்களுடன் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு இவ்விவாதத்துக்கு அவற்றைவிட முக்கியமானது. அதே நகரம், அதே நெரிசல், அதே மனஅழுத்தம். ஆனால் குறித்த தடத்திலேயே தினமும் ஓட்டும் பேருந்துக்காரர்களின் மூளையில் அந்த வேறுபாடு இல்லை. டாக்சி ஓட்டுநர்கள் தம் மூளையின் அவ்வளர்ச்சிக்கு ஒரு விலையும் கொடுத்திருந்தார்கள்: புதிய காட்சி விவரங்களை நினைவில் கொள்ளும் சில சோதனைகளில் அவர்கள் பின்தங்கினர்.

அதே கல்லூரியில் ஹியூகோ ஸ்பையர்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 24 பேர் திரைப்படமாகக் காட்டப்பட்ட லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களில் வழி தேடும்போது அவர்களின் மூளை இயக்கம் பதிவு செய்யப்பட்டது. தாமாக வழி தேடியபோது, கிளைகள் அதிகமுள்ள புதுத் தெருவுக்குள் நுழையும்தோறும் ஹிப்போகாம்பஸின் இயக்கம் துள்ளி எழுந்தது. சாட்நாவ் சொன்னபடி போனபோது அந்தத் துள்ளல் இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2020இல் வெளிவந்த ஆய்வு, ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களின் இட நினைவு மூன்றாண்டுகளில் கூடுதலாகச் சரிந்திருந்ததாகக் காட்டுகிறது. ஆனால் மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் 13 பேர் மட்டுமே என்பதால், அதைக் கொண்டு ‘கருவி மூளையைத் தின்கிறது’ என்று தலைப்பு எழுதுவது மிகை.

காகிதத்தின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அச்சேறிய நாளோடு அதன் செய்தி நின்றுவிடுகிறது; நேற்றுத் திறந்த புறவழிச்சாலையும் இன்று காலை கவிழ்ந்த லாரியும் அதில் வாரா. இரவில், தனியாக, அறியாத நகரத்தின் பல வழிச் சந்திப்பில் மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு ஓட்டுவது, குரல் கேட்டு ஓட்டுவதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. கருவியும் கைக்கு வந்துவிட்டால் அதே ஆபத்துதான்: பிரிட்டனில் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 200 பவுண்டு அபராதமும் உரிமத்தில் ஆறு தண்டப் புள்ளிகளும் விதிக்கப்படுகின்றன. போக்குவரத்து நெரிசலை அறிந்து வழி மாற்றுவதில் கருவிக்கு நிகர் எதுவுமில்லை. குறித்த இடத்துக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேருவது மட்டுமே நோக்கம் என்றால் வாதத்துக்கே இடமில்லை, கருவி வென்றுவிட்டது.

பயணத்தை நடத்தக் கருவி போதும். திட்டமிட அது போதாது. ஆகவே நெடுந்தொலைவு ஓட்டப் புறப்படுவோர் முதல்நாள் இரவே, காகிதத்திலோ பெரிய கணினித் திரையிலோ, முழு வழியையும் ஒரே பார்வையில் பார்த்து, எந்த ஆற்றைக் கடக்கிறோம், எந்தப் பெருநகரை எப்பக்கமாக விட்டுச் செல்கிறோம் என்பதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. கருவியின் அமைப்பில் ‘வடக்கு மேலே’ என்ற தெரிவு பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் படம் வண்டியோடு சுழலாமல், ஊர்கள் அதனதன் திசையில் நிற்கும். செயற்கைக்கோள் குறிப்பைப் பெற இணையம் தேவையில்லை. ஆனால் கைப்பேசியிலுள்ள படம் இணையத்திலிருந்துதான் வருகிறது. மலைப்பகுதிக்கும் காட்டுப்பகுதிக்கும் போகிறவர்கள் அவ்வட்டாரப் படத்தைப் புறப்படுமுன் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் முன்பெட்டியில் ஒரு சாலை வரைபடப் புத்தகத்தையும் போட்டு வையுங்கள்.